கோபுரக் கதை போதும். பாட்டு வாழ்தல் வேண்டும்!

திருவண்ணாமலைக்கு வருவார் எவரும் வல்லாள கோபுரத்தைக் காணாமல் திரும்புவதில்லை. அதன் உச்சியினின்று உயிரை மாய்த்துக்கொள்ளக் குதித்த அருணகிரியாரை முருகன் தன் கையில் ஏந்திக் காத்தான் என்னும் கதையைக் கேளாமலும் திரும்புவதில்லை. வழிகாட்டி சொல்கிறான், பூ விற்கும் மூதாட்டி சொல்கிறாள், 1964இல் வெளிவந்த திரைப்படமும் அதனையே சொல்லிற்று. ஊரெங்கும் கதை உண்டு. ஆனால், அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர்ப் பள்ளியிலேயே பன்னீராண்டு படித்து வெளிவரும் பிள்ளையை நிறுத்தி, அப் பாவலரின் பாட்டு ஒன்றைப் பிழையின்றிச் சொல் என்று கேட்டால் என்ன நிகழும்? அத் திரைப்படத்தில் சௌந்தரராசன் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் முதலடியோடு பலரும் நின்றுவிடுவர். இரண்டாம் அடிக்குக் கைப்பேசியைத் தேடுவர். விழுந்தவரைத் தாங்கிய கதை தங்கிவிட்டது. தாங்கப்பெற்றவர் பாடிய பாட்டோ நழுவிக்கொண்டிருக்கிறது!

அருணகிரியார் 15ஆம் நூற்றாண்டினர். பிரவுட தேவராயன் என்னும் விசயநகர மன்னனைத் தம் பாட்டில் குறித்தமையால் அக்காலம் துணியப்படுகிறது. அவர் பாடியவை பதினாறாயிரம் என்பது வழிவழிச் செய்தி. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1300 திருப்புகழ்ப் பாடல்களே. கந்தரலங்காரம், கந்தரனுபூதி, கந்தரந்தாதி, திருவகுப்பு முதலியன தனி. பதினாறாயிரம் என்னும் தொகை மிகையாகவே இருப்பினும் ஆகுக. இழந்தவை மிகப் பல என்பதில் ஐயமில்லை. அவற்றைப் பகைவர் எவரும் வந்து கொளுத்தவில்லை. கரையானும் செல்லும் தின்றன, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டன, அடுப்பிலும் எரிந்தன. தமிழன் தூங்கினான், ஏடு அழிந்தது. அவ்வளவே வரலாறு.

எஞ்சியவை எவ்வாறு எஞ்சின? அரசு காக்கவில்லை, மடமும் பெரிதும் காக்கவில்லை. முறைமன்றப் பணியில் இருந்த தனி ஒருவர் காத்தார். 1870களின் தொடக்கத்தில், தில்லைத் தீட்சிதர் தொடர்பான வழக்கு ஒன்றில் திருப்புகழ்ப் பாட்டொன்று சான்றாகக் காட்டப்பெற்றது. வழக்கு முடிந்தது, ஏனையோர் அப் பாட்டை மறந்தனர். வ. த. சுப்பிரமணியப் பிள்ளை (1846 - 1909) மட்டும் மறக்கவில்லை. இத்தகைய பாட்டுகள் எங்கெங்குக் கிடக்கின்றனவோ என்று ஊர்ஊராய் அலைந்தார், ஏடு வைத்திருந்தாரை இரந்தார், படியெடுத்தார், ஒப்புநோக்கினார். 1890களில் முதற்பகுதியும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பகுதியும் அச்சேறின. தந்தை விட்ட பணியை மகனார் தணிகைமணி வ. சு. செங்கல்வராயப் பிள்ளை (1883 - 1971) தம் வாழ்நாட் பணியாக ஏற்று உரையும் ஆராய்ச்சியும் எழுதினார். ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறை உழைப்பின்மேல் இன்றைய திருப்புகழ் நிற்கிறது. புகைவண்டியும் மாட்டுவண்டியும் அஞ்சலட்டையுமே அவர்க்கு வாய்த்த கருவிகள்!

இன்றோ அரசு உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. 2018 முதல் வெளிவந்த பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளும் அச்சிடப்பட்டன. ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் படம் எடுக்கவும் குரல் பதியவும் வல்ல பேசி இருக்கிறது. கருவி வந்துவிட்டது, கருத்து வந்ததா? ஒரு பள்ளி அருணகிரியார் பிறந்த கதையை வண்ணத்தாளில் ஒட்டுகிறது. இன்னொரு பள்ளி அதே கதையைக் கணினித்திரையில் ஓட்டுகிறது. மூன்றாவது பள்ளி அவ்விரண்டையும் அறியாமல் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்குகிறது. கல்வியாண்டு முடிந்ததும் தாள் எடைக்குப் போகிறது. கணினிக் கோப்பு அழிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே கோபுரம், அதே குதிப்பு!

இதனினும் கொடியது ஒன்றுண்டு. ஆண்டுவிழா மேடையில் திருப்புகழ் பாட வரும் சிறுமியின் கையிலுள்ள தாளை வாங்கிப் பார்த்தால், அதில் தமிழெழுத்து இல்லை. உரோம எழுத்து இருக்கிறது! தமிழ்நாட்டில் தமிழச்சிக்குத் தமிழ்ப் பாட்டு, ஆங்கில நெடுங்கணக்கில்! 2006இல் தமிழ் கற்றல் சட்டம் இயற்றப்பட்ட நாடு இது. 2012-13ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்த நாடும் இதுவே. ஒரு கை நட்டதை மறுகை பிடுங்குகிறது. அதன் விளைவைத்தான் அச் சிறுமி கையில் ஏந்தி நிற்கிறாள். குற்றம் அவளுடையதன்று.

உரோம எழுத்தில் எழுதினால் என்ன கேடு, பாடினால் போதாதா என்பார் உளர். அருணகிரியார் பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று அறியாதவர் கேட்கும் கேள்வி இது. அவர் பாட்டுகளின் தலையில் 'தத்த', 'தந்த', 'தன்ன', 'தய்ய' என்று ஒரு குழிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அது வெற்றொலி அன்று, கணக்கு. 'தத்த' என்றால் அவ்விடத்தில் வல்லினம் இரட்டித்து வரும்: கற்ற, கொட்ட. 'தந்த' என்றால் மெல்லினத்தை அடுத்து வல்லினம் வரும்: வந்த, கண்ட. 'தன்ன' என்றால் மெல்லினம் இரட்டிக்கும்: என்ன, மின்ன. 'தய்ய' என்றால் இடையினம் இரட்டிக்கும்: செல்ல, கொள்ள. குறில் நிற்க வேண்டிய இடத்தில் நெடில் நின்றால் அடி முறியும். இக் கணக்கைப் பாட்டின் முதலடி தொடங்கி ஈற்றடி வரை ஒரு மாத்திரையும் பிசகாமல் நடத்துவதே அப் பெரும்பாவலரின் ஆற்றல்.

இதனைச் சந்தம் என்று வடசொல்லால் வழங்குவதால் இது வடவர் தந்த கொடை என்று மயங்குவாரும் உளர். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களை வகுத்துரைக்கிறது. வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிகுவது மெல்லிசை வண்ணம். இடையெழுத்து மிகுவது இயைபு வண்ணம். எழுத்தை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மும்மையாய்ப் பகுத்து, அப் பகுப்பையே பாட்டின் நடைக்கு அடிப்படையாக்கிய அறிவு தமிழனுடையது. அருணகிரியாரின் குழிப்பும் அம் மூவினப் பகுப்பின்மேலேயே நடக்கிறது. வண்ணம் என்னும் தமிழ்ப் பெயரை மறந்ததனால் உடைமையையும் மறந்தோர், தம் வீட்டுப் பொருளை அயலான் வீட்டில் கடன் கேட்டு நிற்கின்றனர்!

இவ்வளவு நுண்ணிய ஒலியமைப்பை உரோம எழுத்தில் எழுதினால் என்ன ஆகும்? வலி, வளி, வழி மூன்றும் ஒன்றாகும். கலை, களை, கழை மூன்றும் ஒன்றாகும். மனமும் மணமும் ஒன்று. அரமும் அறமும் ஒன்று. குறில் எது, நெடில் எது என்பது படிப்பவன் மனம் போன போக்கு. அறிஞர்கள் புள்ளியும் கோடும் இட்டு ஆளும் உரோம எழுத்து இவ் வேறுபாடுகளைக் காட்டும் என்பது மெய்யே. ஆனால், பள்ளிப் பிள்ளை பேசியில் தட்டுவது அதுவன்று. அவள் தட்டுவதில் நகரமும் னகரமும் ணகரமும் ஒரே குழியில் புதைகின்றன. செல் தின்ற ஏட்டிலாவது இடைவெளி தெரியும். இங்கு ஓர் எழுத்து இருந்தது என்னும் தடம் தெரியும். உரோம எழுத்து தின்ற பாட்டில் அத் தடமும் தெரியாது. முன்னது பாட்டை அழித்தது. பின்னது பாட்டு இருப்பதுபோற் காட்டி அழிக்கிறது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, பள்ளிகள் புதிதாகச் செய்ய என்ன உண்டு என்பது அடுத்த தடை. கிடைப்பது உண்மை, அதற்கு நன்றி பாராட்டலும் கடமை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கலியாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் வேண்டாத் தொண்டர்களின் கையுழைப்பால் பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகமும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வழியில் வந்தவையே. இவற்றைச் செய்தவர் அனைவரும் வணக்கத்துக்குரியர். ஆனால், திருவண்ணாமலைப் பாவலரின் பாட்டுக்குத் திருவண்ணாமலைப் பள்ளிகள் ஆற்றிய பங்கு என்ன? கடல் கடந்து வாழ்ந்தவர் தட்டச்சிட்டுத் தர, கோபுர நிழலில் வாழ்பவர் நுகர்ந்துகொண்டிருப்பது பெருமையாகுமா?

அன்றியும், வலைத்தளங்களில் உலவும் படிகள் பல ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை. ஓரிடத்தில் நேர்ந்த பிழை ஒன்பது இடத்தில் பரவுகிறது. சொற்பிரிப்புச் சிதைகிறது, குழிப்பு விடுபடுகிறது, பாட்டின் நடுவே மூட்டுவலித் தைல விளம்பரம் முளைக்கிறது. பிழையைக் கண்டவன் யாரிடம் சொல்வது? பொறுப்பேற்பார் இல்லை. பொறுப்பேற்க வேண்டியவர் யார்? பாவலரின் ஊரார் அல்லரோ! ஊராருள் முதற்கண் தமிழாசிரியர் அல்லரோ!

செய்ய வேண்டுவது பெரிதன்று; கூடிச் செய்வதே வேண்டும். கணக்கிட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் பாடல்கள் 1300 எனக் கொண்டால், மாவட்டத்தில் ஐம்பது பள்ளிகள் சேர்ந்தால் ஒரு பள்ளியின் பங்கு 26 பாடல்கள். கிழமைக்கு ஒரு பாட்டு என்றால் அரையாண்டில் முடியும். ஒரு பள்ளிக்கு ஒரு தமிழாசிரியரும் பத்து மாணாக்கரும் போதும். சுப்பிரமணியப் பிள்ளையின் பழம்பதிப்பை மூலமாக வைத்து, மாணாக்கர் இருவர் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பாட்டைத் தமிழெழுத்தில் தட்டச்சிடுக. மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிடுக. வேறுபட்ட இடத்தை ஆசிரியர் மூலம் நோக்கித் துணிக. குழிப்பும், சொற்பிரிப்பும், எளிய தமிழுரையும், பாடப்பெற்ற ஊரின் இன்றைய பெயரும் உடன் சேர்க. ஊரில் முறையாகப் பாடவல்ல ஓதுவாரையும் முதியோரையும் அணுகி, அவர் இசைவோடு குரலைப் பதிக. பின்னர் அதே பாட்டைப் பிள்ளைகளும் பாடிப் பதிக. ஒரு பள்ளி செய்ததை அடுத்த பள்ளி திருத்துக. ஐம்பது பள்ளியும் ஒரே அமைப்பில் செய்தால் அது களஞ்சியம்; ஐம்பது அமைப்பில் செய்தால் அது குப்பை.

தட்டச்சு எவ்வாறு என்பதிலும் தன்மானம் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழி வந்தது தமிழ்99 விசைப்பலகை. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தமும் அமைந்த விசைகளாலேயே 247 எழுத்தும் பிறக்கும். தமிழ் நெடுங்கணக்கின் அறிவுநலம் அதில் விளங்கும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழெழுத்தை வரவழைக்கும் பழக்கத்தில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் என்பது ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பாகவே மனத்தில் பதியும். கை தமிழில் நடந்தால்தான் மனமும் தமிழில் நடக்கும். எழுத்துக் குறியாக்கமும் எவரும் எக்கருவியிலும் திறக்கத் தக்க ஒருங்குகுறியாதல் வேண்டும். 2010இல் தமிழ்நாட்டரசே ஏற்ற முறை அது. பூட்டிய கோப்பில் வைத்தால், பூட்டைச் செய்த நிறுவனம் மறையும்போது பாட்டும் மறையும்.

இனி, இவ்வியக்கத்தின் உள்ளிருந்தே ஒரு குரல் எழும். "அருணகிரியார் வடசொல்லை வரைதுறையின்றிக் கலந்து பாடியவர் அல்லரா? தனித்தமிழர் அவரை ஏன் சுமக்க வேண்டும்?" என்பது அக்குரல். புறந்தள்ளத் தக்க கேள்வியன்று இது. கலந்து பாடினார் என்பது உண்மை. விசயநகரப் பேரரசின் நிழலில் தமிழ் எவ்வளவு நெருக்குண்டது என்பதற்கு அவர் பாட்டே சான்று. ஆனால், சான்றை ஒளிப்பவன் வழக்கில் தோற்பான். மூலத்தில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது. மாற்றினால் குழிப்பும் முறியும், வரலாறும் பொய்க்கும். அதற்கு மாறாக, ஒவ்வொரு பாட்டின் கீழும் அதில் வந்த வடசொற்களைப் பட்டியலிட்டு, நேர்த் தமிழ்ச்சொல்லை எதிரே எழுதச் செய்க. 1300 பாட்டுக்கும் அது முடிந்தால், ஐந்நூற்றாண்டுக்கு முன் எச்சொல் புகுந்தது, எச்சொல் ஒதுங்கிற்று என்று காட்டும் சொற்களஞ்சியம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளின் கையாலேயே உருவாகும். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய இயக்கத்துக்கு அதனினும் சிறந்த படைக்கலம் வேறு எது? அத்துடன், தூயதமிழ் அடிகளும் அவர் பாட்டில் நிரம்ப உள. அவ்வடிகளில் தமிழின் இனிமை எத்துணை என்பதைப் பிள்ளை தன் செவியாலேயே அளந்துகொள்ளும்; ஆசிரியன் மேடையேறி முழங்க வேண்டுவதில்லை.

தூயதமிழ் மூலமே வேண்டும் என்பார்க்கும் இம் மாவட்டம் வெறுங்கையாய் இல்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் செங்கத்து வேந்தன் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்டது. அதில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்று அறிஞர் பலரும் கொள்வர். கூத்தரின் இசைக்கருவிகளை வரிசைப்படுத்தியும், மலையில் எழும் ஒலிகளை அடுக்கியும் பாடுவது அப் பாட்டு. ஆக, இம் மண்ணைப் பற்றிய பழம்பாட்டும் ஒலியின் பாட்டு. இம் மண்ணில் பிறந்தவர் பாடியதும் ஒலியின் பாட்டு! செங்கம் வட்டப் பள்ளிகள் மலைபடுகடாத்தை ஏற்க; நகரப் பள்ளிகள் திருப்புகழை ஏற்க. முறை ஒன்றே, களஞ்சியமும் ஒன்றே. செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியதால் உலகம் அறிந்தது. மறவர்க்குக் கல் நட்ட மண், பாவலர்க்குச் சொல் நடலாகாதா?

ஆங்கிலத்தில் இருந்தாலன்றோ உலகம் காணும் என்பார்க்கு அயர்லாந்தே விடை சொல்லும். ஆங்கிலத்தால் தன் தாய்மொழியைப் பெரிதும் இழந்த நாடு அது. 1937 முதல் 1939 வரை அந் நாட்டின் தொடக்கப் பள்ளிகள் ஏறத்தாழ ஐயாயிரம் ஒன்றுசேர்ந்தன. பிள்ளைகள் தம் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் அண்டையாரிடமும் சென்று, ஊர்க்கதையும் பாட்டும் பழமொழியும் மருந்தும் கேட்டுத் தம் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினர். இலக்கக் கணக்கான பக்கங்கள் திரண்டன. அன்று பிள்ளைகள் எழுதியதை இன்று இணையத்தில் ஏற்றிவைத்துள்ளனர். பொதுமக்கள் தாமே முன்வந்து அதனைத் தட்டச்சிட்டுத் தருகின்றனர். ஐரிய மொழியில் எழுதப்பெற்றது ஐரிய மொழியிலேயே நிற்கிறது. உலகம் அதனைத் தேடிச் சென்று காண்கிறது. தன்னைத் தன் எழுத்தில் காட்டுபவனையே உலகம் மதிக்கும். அயலான் எழுத்தில் ஒளிந்து நிற்பவனை அயலானின் நிழல் என்றே எண்ணும்.

தேர்வுக்கு நேரம் போதவில்லை, இதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்கும் தலைமையாசிரியர்க்கு ஈழமே விடை. 1981 மே 31ஆம் நாள் இரவில் மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. அந்தச் சாம்பலின் பாடத்தை நெஞ்சில் கொண்டோரே 2005இல் நூலகம் என்னும் பெயரால் எண்மியக் களஞ்சியத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துக் காத்து வருகின்றனர். போருக்கிடையில் அவர்க்கு மதிப்பெண் யார் இட்டார்? ஒரே இடத்தில் உள்ள பொருள் ஒரே தீக்குச்சிக்கு இரை. திருவண்ணாமலைக் களஞ்சியமும் பள்ளிக் கணினியொன்றில் மட்டும் இருத்தலாகாது. மூன்று வேறு இடங்களிலாவது படி இருத்தல் வேண்டும். எவரும் விலையின்றி எடுத்தாளத் தக்கதாயும் இருத்தல் வேண்டும். அவ்வாறு வைத்தால், ஓரிடத்தில் அழிந்தாலும் பிற இடங்களில் வாழும்.

கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் ஒரே ஒரு கொப்பரையில் சுடர் ஏற்றுகின்றனர். அதனை இலக்கக் கணக்கானோர் காண்கின்றனர். நெய்யும் திரியும் சுமந்து மேலே ஏறுபவர் சிலரே. பாட்டின் விளக்குக்கும் சுமப்பவர் சிலர் வேண்டும். ஊதியமும் விருதும் நோக்காமல் சுப்பிரமணியப் பிள்ளை ஏறிய மலை அது. திருவண்ணாமலைத் தமிழாசிரியர்கள் வரும் கல்வியாண்டின் முதற்கிழமையிலேயே கூடுவார்களாக! ஐம்பது பள்ளிக்குக் காத்திராமல் ஐந்து பள்ளியோடு தொடங்குவார்களாக! அடுத்த ஆண்டுவிழா மேடையில் அச் சிறுமி ஏறும்போது அவள் கையிலுள்ள தாளில் தமிழெழுத்து இருப்பதாக! அதற்கும் அடுத்த ஆண்டு அவள் கையில் தாளே வேண்டாததாக!